புற்றுமண் தெளித்த விதை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கல்ல. சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னது. அவளுக்கு மாடத்தி என்று பெயர் வைத்திருக்கிறேன். இறங்குமுன் ஒரு நிபந்தனை போட்டாள். அது கடைசியில் வரும்.

2

மாடத்திக்குப் பயம் தொடங்கியது ஒரு

(அடித்துவிட்டேன். முதலில் அவளுக்குப் பெருமைதான் இருந்தது.)

போன வருஷம் வேரழுகல் வந்து அவள் ஊரில் ஏழு வீட்டு நிலக்கடலையும் பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. பூஞ்சணம் விதையிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, மைக்ரோவேவ் அடுப்பில் கொஞ்ச நேரம் சூடுகாட்டினால் அது சாகும், விதை பிழைக்கும் என்று ஒரு பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். படித்து வந்தவள் மாடத்தி. அடுப்பையும் இரவல் வாங்கி வந்தாள். ஏழு வீட்டாரும் அவளை நம்பி விதையைக் கொண்டுவந்து போட்டார்கள். முதலில் ஒரு கை விதையைச் சூடுகாட்டி ஈரச்சாக்கில் சுற்றிவைத்தாள். அத்தனையும் முளைத்தது. பிறகுதான் மொத்தத்தையும் அடுப்பில் வைத்து எடுத்தாள்.

3

அவள் புருஷன் கோமதிநாயகம் சாப்பிடும்போது சொன்னான்.

"கோமதியம்மன் கோயில்ல புத்துமண்ணு வாங்கியாந்து, தண்ணியில கரைச்சு, எல்லா விதையிலயும் தெளிச்சிட்டேம்ட்டி."

"எப்பம்?"

"நீ மொத்தத்தையும் அடுப்புல வைக்கதுக்கு முந்தின நாளு சாயங்காலம். வருசா வருசம் தெளிக்கதுதான?"

மாடத்தி தட்டைத் தள்ளிவைத்தாள். விதையில் செம்மண் நிறம் தெரிந்ததை அவள் புழுதி என்றல்லவா நினைத்தாள்! விதை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரமிருந்தால் உள்ளே வெந்துவிடும் என்று பயிற்சியில் மூன்று தடவை சொன்னார்கள். ஓடிப்போய்ச் சாக்கில் கைவிட்டு அள்ளினாள். வெந்த விதையும் உயிருள்ள விதையும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

(இங்கே அவளை வாய்மூடி இருக்கச்செய்து ஒரு வரைவு எழுதினேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். வெட்கமாக இருந்தது, கிழித்துவிட்டேன்.)

4

முந்தின நாள்தான் நல்ல மழை பெய்திருந்தது. விடிந்தால் விதைப்பு. மாடத்தி வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னாள்.

"விதைக்காதிய மதினி. ஒரு கை விதைய ஈரச்சாக்குல போட்டிருக்கேன். அஞ்சு நாளு பொறுங்க."

"செவக்காட்டு ஈரம் அஞ்சு நாளு தாங்குமாட்டி?" என்றாள் அந்த ஏழு வீட்டில் ஒரு வீட்டுத் தங்கத்தாய்.

தாங்கவில்லை. மூன்றாம் நாளே வெயில் கொளுத்தியது. பக்கத்து ஊர்க்காரர்கள் விதைத்து முடித்திருந்தார்கள். அதற்குப் பிறகு மழையும் இல்லை.

5

ஐந்தாம் நாள் காலை ஏழு வீட்டாரும் சாக்கைச் சுற்றி நின்றார்கள். மாடத்தி கட்டை அவிழ்க்கக் குனிந்தாள். முளைத்திருந்தால், வீண் பயத்தால் விதைப்பைக் கெடுத்தவள் அவள். முளைக்காவிட்டால், ஊரார் விதையை அவித்தவள். கோமதியம்மனைக் கூப்பிட்டாள், ஆனால் என்ன கேட்பதென்று தெரியவில்லை.

முளைத்தது என்று ஒரு முடிவு எழுதினேன். முளைக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டிலும் அவள் தலை நிமிர

(இரண்டையும் அடித்துவிட்டேன்.)

பஸ்ஸை விட்டு இறங்குமுன் அவள் சொன்னது இதுதான்: "எழுதுனா எழுதுங்க. மொளச்சுதா இல்லையான்னு மட்டும் எழுதாதிய. எத எழுதுனாலும் ஊருல என்னையத்தான் பேசுவாக."

கட்டு இன்னும் அவிழவில்லை. அந்தக் கூட்டத்தில் இப்போது நீங்களும் நிற்கிறீர்கள். அவள் உங்களை நிமிர்ந்து பார்க்கிறாள். சொல்லுங்கள், முளைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?