மூன்று கிலோ இருநூறு கிராம்

எடை குறைக்கிற பவுடரை விற்பவள் குண்டாக இருந்தால் என்ன பாடு படுவாள் என்று தெரிய வேண்டுமானால் அவளைத்தான் கேட்க வேண்டும். மருந்துக்கடையில் பதினெட்டு வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறாள். டப்பாவைக் கையில் வாங்குவார்கள், விலையைப் பார்ப்பார்கள், பிறகு அவளை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்ப்பார்கள். "இது வேலை செய்யுமாங்க?" என்று ஒரு கேள்வி. "செய்யும், நான் சாப்பிட்டதில்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். அதுவும் பொய். மூன்று டப்பா காலி செய்திருந்தாள்.

பவுடரோடு போயிற்றா? வெள்ளரிக்காயையே தின்று தீர்த்த மாதம் ஒன்று உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்த வருடம் ஒன்று உண்டு. தினமும் பத்தாயிரம் அடி நட என்று எவனோ சொன்னானென்று நடந்தாள். நாலு கிலோ இறங்கும், அடுத்த மூன்று மாதத்தில் ஐந்து ஏறும். மிஞ்சியது வலது முழங்கால் வலிதான். மாடிப்படி நாலு ஏறினால் உள்ளே யாரோ அரம் போட்டு ராவுவது போல இருக்கும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவளைப் பார்த்து, "கொஞ்சம் வாயைக் கட்டுங்க" என்று அறிவுரை சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டும் குறையவே இல்லை.

முழங்காலை மாற்றிவிடலாம் என்றார் எலும்பு டாக்டர். அவர் வெளியூர்க்காரர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் வந்து, அறுவை சிகிச்சைகளை முடித்துவிட்டுப் போய்விடுவார். "ஆனா தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வாங்க. உங்களுக்கு மூச்சுக் கோளாறு வேற இருக்கு. அதுக்கு மேல இருந்தா மயக்க மருந்து குடுக்கற டாக்டர் ஒத்துக்க மாட்டார்" என்றார். ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரி மெஷினில் அவள் எடை நூற்று நான்கு. வீட்டுக்கு வந்து வீட்டுத் தராசில் ஏறினாள். அதிலும் நூற்று நான்கு.

வீட்டுத் தராசு எப்படித் தப்பு சொல்லும்? அவள் கணவருக்குத் தொழிலே அதுதான். கடை கடையாகப் போய் எடை மெஷின்களைச் சரி செய்து, ஈயத்தில் முத்திரை அடித்துவிட்டு வருகிறவர். இருபது கிலோ இரும்பு எடைக்கல் நான்கு எப்போதும் அவர் வண்டியில் இருக்கும். பத்து கிராம் குறைவாகக் காட்டுகிற மெஷினைக் கண்டால் கடைக்காரனை நடுக்கடையில் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். அதனால் கடைவீதியில் அவருக்கு 'கிராம்' என்றே பெயர். "கிராம் வர்றாரு" என்றால் பாதிப்பேர் மெஷினைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். மூடிப்போன ஒரு கடையிலிருந்து மூட்டை நிறுக்கிற மெஷினை வாங்கி வந்து, படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அவளுக்காகப் போட்டுவைத்தவரும் அவர்தான்.

பிறகுதான் கீட்டோ. அவள் கடைக்கு வரும் ஒருத்தி கொடுத்த நம்பரில் ஒரு டயட் அம்மா கிடைத்தார். நேரில் பார்த்ததே இல்லை, எல்லாம் போனில்தான். சோறு கிடையாது, ரொட்டி கிடையாது, உருளைக்கிழங்கு, சர்க்கரை, பழம் எதுவும் கிடையாது. முட்டை, வெண்ணெய், கறி, மீன், கீரை. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எடையைச் சொல்லுங்க. ரெண்டு வாரம் அசையலன்னா எங்கயோ மாவுச்சத்து ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். கண்டுபிடிச்சு மாத்திக்கலாம். மறைக்காம சொல்லணும், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மா.

முதல் வாரம் தலை இரண்டாகப் பிளந்தது. வாயில் இரும்பு நக்கியது போல ஒரு நாற்றம். கடையில் யாராவது பிஸ்கட்டைப் பிரித்தால் அந்தக் காகிதச் சத்தத்துக்கே கண்ணில் நீர் வந்தது. இருந்தும் எட்டு வாரத்தில் ஏழு கிலோ இறங்கினாள். ஒன்பதாவது வாரம் நின்றது. பத்தாவது வாரமும் நின்றது. பத்தாவது வாரத்து வெள்ளிக்கிழமை தராசிலிருந்து இறங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து, "என் உடம்பு என்னைப் பழி வாங்குது" என்று ஒரு மூச்சு அழுதாள். ஞாயிற்றுக்கிழமை முதல் சோறுதான் என்றும் சொல்லிவிட்டாள். ஆனால் சனிக்கிழமை காலை சும்மா ஏறிப் பார்த்தபோது எழுநூறு கிராம் குறைந்திருந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நான்தான் சொன்னேனே" என்றார் அவர். வெள்ளிக்கிழமை பேசாமல் விட்ட டயட் அம்மாவுக்கும் உடனே போன் போட்டுச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அது நிற்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, வாராவாரம் இறங்கியது. தேதிக்கு முதல் நாள் எண்பத்தொன்பது நானூறு. கடையில் பத்து நாள் விடுப்புச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பையில் நைட்டி, துண்டு, செருப்பு எல்லாம் எடுத்துவைத்தாள். செருப்பு புதுசு, மாடிப்படி ஏறி இறங்குவதற்கென்றே வாங்கியது.

ஆஸ்பத்திரியில் தோடு, வளையல், கொண்டை ஊசி வரை கழற்றிக் கணவர் கையில் கொடுத்துவிட்டு மெஷினில் ஏறினாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"தொண்ணூத்திரெண்டு அறுநூறு."

"சரியா பாரும்மா."

"சரியாத்தான் பாக்கறேன். இறங்கி ஏறுங்க."

இறங்கி ஏறினாள். தொண்ணூற்று இரண்டு அறுநூறு. 

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க மெஷின் கெட்டுப் போயிருக்கு. நேத்து என் வீட்டுல எண்பத்தொன்பது நானூறு. ஒரு ராத்திரியில மூணு கிலோ எங்கேருந்து வரும், காத்தைத் தின்னேனா? என் வீட்டுக்காரர் யாருன்னு தெரியுமா உனக்கு? இந்த ஊர்ல பாதி மெஷின் இவர் சரி பண்ணது. ஏங்க, சும்மா நிக்கறீங்க? பாத்துச் சொல்லுங்க!"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவர் மெதுவாகக் குனிந்தார். மெஷின் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார். சுழியத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறினார். ஐம்பத்தெட்டு, அவருடைய வழக்கமான எடை. இறங்கி, அவள் முகத்தைப் பார்க்காமல், செருப்பைப் பார்த்துச் சொன்னார்.

"சரியாத்தான் இருக்கு."

கடைகளில் அவர் குரல் மூன்று கடைக்குக் கேட்கும். இது நர்ஸுக்கே பாதிதான் கேட்டது. மனுஷனின் முகத்தில் ஈயாடவில்லை. இருபத்தாறு வருடம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

எலும்பு டாக்டர் காகிதத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டரை கிலோதான், எனக்குப் புரியுது. ஆனா ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. அடுத்த தடவை பாத்துக்கலாம்." அடுத்த தடவை என்றால் மூன்று மாதம்.

வீடு வந்ததும் வண்டியின் பின்கதவைத் திறந்து எடைக்கல்லை அவளே இறக்க ஆரம்பித்தாள்.

"விடு, விடு, நான் தூக்கறேன். கால் வலிக்கப்போகுது."

"என் காலைப் பத்தி நீங்க பேசாதீங்க."

இருபது கிலோ ஒவ்வொன்றும். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கியும் இழுத்தும் படுக்கையறைக்குக் கொண்டுபோனாள். முழங்கால் கத்தியது. கத்தட்டும் என்று விட்டாள். தராசு மேல் ஒன்றை வைத்தாள். பத்தொன்பது முந்நூறு காட்டியது. நான்கையும் வைத்தாள். எண்பது கிலோ இரும்பு, எழுபத்தேழு இருநூறு என்று சிவப்பாக எரிந்தது. காலியாக இருந்தால் ஒழுங்காகச் சுழியம் காட்டும். ஏறினால்தான் குறைக்கும். கடைக்காரர்கள் செய்கிற திருட்டுகளிலேயே கெட்டிக்காரத் திருட்டு இது என்று அவரே அவளுக்குச் சொல்லியிருக்கிறார்.

"எப்பலேருந்து?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "நீ தரையில உக்காந்து அழுத அன்னிக்கு ராத்திரி. எனக்குத் தாங்கல. எல்லாத்தையும் விட்டுருவேன்னு சொன்னே. கொஞ்சம் தெம்பு வரட்டும், அப்புறம் தானா இறங்கும், அப்ப திருப்பி வச்சுடலாம்னு..."

"இறங்கிச்சா?"

"ஒரு வாரம் இறங்கும். ஒரு வாரம் நிக்கும். நிக்கறப்பல்லாம்..."

"நிக்கறப்பல்லாம் திருகினீங்க."

அவர் தலையாட்டினார். இரக்கமாம். அவள் போனை எடுத்தாள். டயட் அம்மாவைக் கூப்பிட்டு, கணவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள்: வீட்டு மெஷின் தப்பு, பத்தாவது வாரத்திலிருந்து நான் சொன்ன கணக்கெல்லாம் தப்பு. அந்த அம்மா கேட்டார்:

"முட்டை, கறி தவிர இடையில எதாவது கொறிக்கறீங்களா?"

"ஒண்ணுமில்லங்க. சாயங்காலம் முந்திரி மட்டும். பருப்பு வகை சாப்பிடலாம்னீங்களே."

"பாதாம் சொன்னேன். முந்திரில மாவுச்சத்து அதிகம்மா. எவ்வளவு?"

அவள் கணவரைப் பார்த்தாள். ஒன்பதாவது வாரத்துக்குச் சற்று முன்பிருந்து, பாவம் சோறில்லாமல் வாடுகிறாளே என்று தினமும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தவர் அவர்தான். "நூறு கிராம்" என்று அவளுக்குக் கேட்கிற அளவில் முணுமுணுத்தார். கிராமில் மட்டும் ஆளுக்குப் பிசகே கிடையாது.

"நூறு கிராம்."

"அட கடவுளே. பத்தாவது வாரமே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. அது ரெண்டு வாரத்து வேலைம்மா."

போனை வைத்தாள்.

"நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று அவர் தொடங்கினார்.

"நல்லதுக்கா? பத்து கிராம் குறைச்சவனைத் திருடன்னு தெருவுல நிக்க வச்சுக் கேக்கறியே, எனக்கு மூணு கிலோ இருநூறு கிராம் குறைச்சியே, நீ யாரு?" இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவரை நீ என்றாள். அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. "ஊர்ல எவன் எவனோ என்னை ஏமாத்தினான். பவுடர்க்காரன் ஏமாத்தினான், கண்ணாடி ஏமாத்துச்சு. இந்த ஒரு மெஷினை நம்பித்தான் ஏறினேன். நீ இருக்கேன்னு நம்பி ஏறினேன். நான் அழுதா அழுதுட்டுப் போறேன்! என் அழுகையை நிறுத்த நீ யாரு? ஆஸ்பத்திரில அத்தனை பேர் முன்னாடி கத்தினேனே, உனக்கு வாய் இருந்துச்சா?"

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார்.

"திருப்பி வைங்க" என்றாள். 'நீங்க' திரும்பி வந்துவிட்டது. அது மரியாதைக்கு வந்ததல்ல, தூரத்துக்கு வந்தது. 

அவர் கருவிப் பெட்டியை எடுத்து வந்து மூடியைக் கழற்றினார். கல்லை வைத்தார், எடுத்தார், உள்ளே எதையோ அழுத்தினார். திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. அவள் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கடைசியில் நான்கு கல்லுக்கும் எண்பது என்று காட்டியது.

"முத்திரை போடுங்க."

"வீட்டு மெஷினுக்கு எதுக்கு முத்திரை?"

"கடைக்காரனுக்கு எதுக்குப் போடறீங்களோ அதுக்குத்தான்."

கம்பியைக் கோத்து, ஈய வில்லையை வைத்து, குறடால் அழுத்தினார். இனி அதை உடைக்காமல் எவனும் உள்ளே கை வைக்க முடியாது. அவர் கல்லையெல்லாம் இறக்கியதும் அவள் ஏறினாள். அவர் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எங்க போறீங்க? வந்து படிங்க."

"உனக்கே தெரியுதே."

"எனக்குத் தெரியும். நீங்க படிங்க. சத்தமா."

வந்தார். எண்ணைப் பார்த்தார். "தொண்ணூத்திரெண்டு... ஆறு."

"என்ன ஆறு? கடைல சொல்ற மாதிரி முழுசா சொல்லுங்க."

"தொண்ணூத்திரெண்டு கிலோ, அறுநூறு கிராம்."

கண்ணீர் வந்தது அவருக்குத்தான். அவள் கண் வறண்டு கிடந்தது. அன்றைக்கு மெஷினைத் தொடாமல் அவளை அழ விட்டிருந்தால் இப்போது முழங்காலில் தையலோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பாள்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை நான் ஏறுவேன், நீங்க படிக்கணும். ஏறினாலும் படிக்கணும், இறங்கினாலும் படிக்கணும், நின்னாலும் படிக்கணும்" என்றாள். "கேக்கற தெம்பு எனக்கு இருக்கு. அது இல்லாதது உங்களுக்கு. இத்தனை நாளா என்னைச் சொல்லி உங்களைக் காப்பாத்திக்கிட்டீங்க."

சுவரைப் பிடித்து, வலது காலை முதலில் தரையில் வைத்து, தானாகவே இறங்கினாள். அவர் நீட்டிய கை அங்கேயே நின்றது.