சாஞ்சகுருசடிச் சுவர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம் புரட்டாசியில், முத்தையாபுரம் கிட்டங்கி ஒன்றில் இறங்கிய அமெரிக்கப் பழைய பேப்பர் கட்டு அழுதது. கப்பலில் நனைந்திருக்கும் என்று சுமட்டுக்காரர்கள் அதைத் தூக்கி வெயிலில் போட்டார்கள். மற்றக் கட்டுகள் மொறுமொறுவென்று காய்ந்துவிட, இது மட்டும் சாயங்காலம்வரை ஒழுகிக்கொண்டிருந்தது. நக்கிப் பார்த்தவன் உப்புக் கரிக்கிறது, ஆனால் கடல் உப்பு இல்லை என்றான். கிட்டங்கி முதலாளி வன்னியபெருமாள் அண்ணாச்சிக்கு அழுகிற பேப்பரால் பிரயோசனம் கிடையாது. அதில் எந்தப் பலசரக்குக் கடைக்காரன் சீனி மடிப்பான்? கட்டுப் பிரிக்கிற வேலையில் இருந்த பிளாரன்சைக் கூப்பிட்டு, "ஏளா பி.ஏ., இந்தச் சனியன உங்க ஊருக்குக் கொண்டு போ, அடுப்பெரிக்கவாவது ஆகும்" என்றார்.

பிளாரன்ஸ் சாஞ்சகுருசடியில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். சரித்திரம் படித்தாள். வேலைவாய்ப்பு அலுவலகம் அவளுக்கு ஒரு அட்டை கொடுத்தது, வேலை கொடுக்கவில்லை. சாஞ்சகுருசடி என்பது உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே நின்ற ஓலை வீடுகள். புயலில் சாய்ந்த சிலுவை ஒன்று, அந்தக் குருசை நிமிர்த்தினால் ஊருக்கு ஆகாது என்று அப்படியே விட்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் கரை முழுவதும் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்கு என்று ஆகியிருந்தது. ஊரை ஓட்டப்பிடாரத்துக்கும் அந்தப்புறம், கரிசலில் கொண்டு வைப்பார்களாம். அங்கே காற்று நன்றாக வரும் என்று சொல்ல ஒரு அதிகாரி ஜீப்பில் வந்தார். கடல் வருமா என்று பிளாரன்ஸ் கேட்டாள். அவர் அவளுடைய படிப்பை விசாரித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அவளுடைய அப்பா ரோச், முத்துக்குளிப்பு இருந்த காலத்தில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவர், செத்தாலும் இந்த மணலில்தான் என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். அவரை இங்கேயே வைத்துச் சாகவிட வேண்டும். பிளாரன்சுக்கு அந்த வருஷம் வேறு ஆசை இல்லை.

வாடைமழைக்கு முன்னால் ஓலைத் தட்டிகளின் உள்பக்கம் மைதாப்பசை தடவிப் பழைய பேப்பர் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். கட்டைப் பிரித்தார்கள். ஒரு பத்தி இங்கிலீஷ், பக்கத்துப் பத்தி யாரும் கண்டிராத எழுத்து. மனுவேல் உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பட்டணத்துப் பெரிய மாதா கோயில் தரையில் பறங்கிக் கல்லறைகளின் மேல் வெட்டியிருக்கிற எழுத்து இதுதான் என்றார். அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாத எழுத்தெல்லாம் வேதம் என்பது சாஞ்சகுருசடியின் சட்டம். மிதிக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்படியே செய்து, மழைக்காக அல்ல, ஆசீர்வாதத்துக்காக ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டினார்கள். இது வேதமல்ல, அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி என்கிற சனங்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் நடத்திய பத்திரிகை என்று பிளாரன்ஸ் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் பசை தடவினார்கள்.

ரோச் மட்டும் கேட்டார். அவள் இங்கிலீஷ் பத்தியை வாசித்துச் சொன்னாள். அந்தச் சனத்தில் ஒருவன் உட்கார்ந்து தன் பாஷைக்குத் தானே எழுத்து உண்டாக்கினான். கொஞ்ச வருஷத்தில் ஊரே வாசித்தது. அச்சு எந்திரம் வாங்கினார்கள், பத்திரிகை போட்டார்கள். அவர்கள் மண்ணில் தங்கம் கிடைத்தது. பெரிய ஆற்றுக்கு மேற்கே போங்கள், அங்கே நல்ல இடம் என்று சர்க்கார் சொன்னது.

"போனாவளா?"

"பட்டாளம் வந்து ஓட்டிட்டுப் போச்சு யப்பா. வழியெல்லாம் செத்தாவ."

"பேப்பர்காரன் என்ன செஞ்சான்?"

"மெசின முன்னாடியே புடுங்கிட்டானுவ."

ரோச் சுவரில் ஒரு தேதியின் மேல் விரலை வைத்தார். அவருக்கு எண்கள் வாசிக்கத் தெரியும். "பெறவு இது எப்படி வந்துச்சு?"

அது நியாயமான கேள்வி. பத்திரிகை நின்றுபோன வருஷத்தை பிளாரன்ஸ் கல்லூரி நூலகத்தில் போய்ப் பார்த்து வந்தாள். சுவரில் அதற்குப் பிந்திய தேதிகளும் இருந்தன. எந்திரம் இல்லாமல், அச்செழுத்து இல்லாமல், நடந்துபோன வழியிலேயே பத்திரிகை வெளிவந்திருக்கிறது. எந்த ஆற்றுத்துறையில் யார் பிள்ளை இருமிச் செத்தது, பனியில் யாருக்குப் பேறுகாலம் ஆயிற்று, மக்காச்சோளம் என்ன விலை, எல்லாம் இருந்தது. பிளாரன்ஸ் அதைப் பற்றி யாரிடமும் வாதாடவில்லை. பேப்பரும் பசை காய்ந்ததோடு அழுகையை நிறுத்திக்கொண்டது.

கார்த்திகையில் சுவர்கள் தாமாகச் செய்தி போட ஆரம்பித்தன. முதலில் ரோச் வீட்டில், கடைசி இதழ் முடிந்த இடத்துக்குக் கீழே, ஒரு பத்தி அந்த எழுத்திலும் பக்கத்துப் பத்தி தமிழிலும் தெளிந்து வந்தது. சாளை மீன் நல்ல பாடு, வலை கொள்ளவில்லை, அமலோற்பவத்தின் ஆடு ரெட்டைக் குட்டி போட்டது, உப்பள லாரி மோதிக் குருசின் படி உடைந்தது. ஒவ்வொரு வீட்டுச் சுவரும் ஒவ்வொரு பக்கம். முழுச் செய்தியும் வேண்டுமென்றால் ஊரைச் சுற்றி வர வேண்டும். செபமாலை முடிந்த பிறகுதான் வாசிக்கலாம் என்று உபதேசியார் கட்டளை போட்டார். தன் ஆட்டைப் பற்றி எழுதிய சுவர் தன் மருமகள் வாயைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று அமலோற்பவம் குறைப்பட்டுக்கொண்டாள்.

மாசியில் புல்டோசர் வருகிறது என்றும் சுவர்தான் சொன்னது. ஊர் ஓடவில்லை, வீட்டுக்குள் உட்கார்ந்தது. எந்திரம் முதல் வீட்டை முட்டியது. ஓலையும் கம்பும் கட்டிய வீடு, ஆடு உரசினாலே ஆடுகிற வீடு, அசையவில்லை. இரும்புத் தகடு மடங்கியது. சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. தீ வைத்தார்கள், தீ ஓலையை மோந்து பார்த்துவிட்டு அணைந்தது. ஒப்பந்தக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். ரோச் சிரித்தார்.

அப்புறம் போலீஸ் அதிகாரி, சத்தம்கூடப் போடாமல், "வீடு வரலேன்னா கெடக்கட்டும்ல. ஆளத் தூக்கு" என்றார்.

மனுஷர் மேல் யாரும் பேப்பர் ஒட்டியிருக்கவில்லை. பெண்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வேனில் அடைத்தார்கள். ரோச் நடுக்கம்பைக் கட்டிக்கொண்டார். கம்பு வரவில்லை. அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக லத்தியால் அடித்தார்கள், விரல்கள் வந்தன. மத்தியானத்துக்குள் சாஞ்சகுருசடி காலியாகிவிட்டது, வீடுகள் மட்டும் நின்றன.

கரிசலில் தகரக் கொட்டகைகள் தயாராக இருந்தன. ஜீப்பில் வந்த அதிகாரி சொன்னதில் பொய்யில்லை, காற்று நன்றாக வந்தது. முதல் கோடையிலேயே ரோச் செத்தார். கறுப்பு மண்ணைத் தோண்டிப் புதைத்தார்கள். அதற்கடுத்து உபதேசியார், அதற்கடுத்துக் கிழவிகள், கைப்பிள்ளைகள். தொழிற்சாலை வீட்டுக்கு ஒரு வேலை என்று சொல்லி, ஊருக்கு ஒரு வேலை கொடுத்தது. பிளாரன்ஸ் தட்டச்சு செய்தாள். அவளுக்கு அந்த இடத்தில் ஒரு செங்கல்கூடப் பிடிக்காது; ஆனாலும் தினமும் பஸ் ஏறிப் போனாள், ஏனென்றால் வீடுகள் உள்ளே இருந்தன. அமிலத் தொட்டிக்கும் கேன்டீனுக்கும் நடுவே அவற்றைச் சுற்றிக் கட்டிடம் எழுப்பியிருந்தார்கள். மேனேஜர் அமிலத்தை ஊற்றிப் பார்த்தார், சிமெண்டு பூசிப் பார்த்தார், பிறகு ட்யூப்லைட் போட்டுக் கொடுத்தார். தேநீர் நேரத்தில் தொழிலாளர்கள் அங்கே போய்ச் செய்தி வாசிப்பார்கள். மீன் விலை வானொலியைவிடச் சரியாக இருக்கும்.

ரோச் செத்த மறுநாளே சுவரில் செய்தி வந்திருந்தது. ரோச் வெளியூரில் காலமானார், உடல் இன்னும் வந்து சேரவில்லை. செத்த ஒவ்வொருவருக்கும் அதே வரிதான். கரிசல் காலனி என்ற பேரையே சுவர் ஒருநாளும் எழுதவில்லை. எழுபத்தெட்டில் சாவுச் செய்திகள் வீட்டுச் சுவர்களில் இடமில்லாமல் தொழிற்சாலையின் மதில்மேல் ஏறின. மந்திரி வருகைக்காக வெள்ளையடிக்க வந்தவன், மரத்தைச் சுற்றிப் போவதுபோல அந்த இடத்தை விட்டுவிட்டு அடித்தான்.

ஒருநாள் பிளாரன்ஸ் அப்பாவின் கல்லறையிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளித் தூக்குச்சட்டியில் கொண்டு போனாள். தொழிற்சாலை வாசல் காவல்காரன் சுடலைமாடன் வழக்கம்போல மூடியைத் திறக்கச் சொன்னான், பார்த்தான், மூடிக் கொடுத்தான். தங்கள் பழைய வீட்டுக்குள் வெள்ளை மணலில் அந்தக் கறுப்பைக் கொட்டினாள். மறுநாள் காலை சுவரில் இருந்தது: ரோச் ஊர் வந்து சேர்ந்தார்.

அன்றைக்கே காலனியில் ஆட்கள் அவள் கொட்டகை முன்னால் வந்து நின்றார்கள். பிளாரன்ஸ் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆள்தான், சட்டி சின்னது என்றாள். அதற்குப் பின்னால் வருஷக்கணக்கில், தொழிற்சாலைக்குள் அவள் சாப்பாடு கொண்டு போகவில்லை. சுடலைமாடனும் மூடியைத் திறக்கச் சொல்வதை விட்டுவிட்டான்.

"இன்னைக்கு யாரு, அக்கா?"

"அமலோற்பவம்."

அவன் கதவைத் திறந்துவிட்டான்.