லைசென்ஸ் யாரிடம் இருக்கும்

கருத்தக்கண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொன்னதுதான் ஷரீபாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஒத்தச் சேலைக்கு விலை குறைக்கச் சொன்னாலே கடைக்காரன் மூஞ்சி எப்புடிப் போகுது? நீங்க மூணு கேட்டீங்க, மூணுக்கும் சரின்னுட்டாரு. அது எப்படி மச்சான்?"

"நல்ல மனுசனா இருக்கக் கூடாதா?" என்றான் அவள் கணவன் ஷேக் தாவூது.

"இருக்கலாம். இருந்தாச் சந்தோசம்தான்" என்று அவள் சோற்றைப் பரிமாறினாள். சந்தோஷம் குரலில் இல்லை.

சண்டை முடிந்து, விமானப் படையிலிருந்து விடுபட்டு, தாவூது காஜிமார் தெருவுக்குத் திரும்பி ஒரு வருடமாகியிருந்தது. அவனுக்குத் தெரிந்த தொழில் விமானம் ஓட்டுவது ஒன்றுதான். மதுரையில் அதற்கு வேலை ஏது? மாமனாரின் ஜவுளிக் கடையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கருத்தக்கண்ணன் ஆள் அனுப்பினார். யுத்த காலத்தில் பட்டாளத்துக்குக் காய்கறியும் விறகும் கொடுத்துப் பெரிய ஆளானவர் அவர். பட்டாளம் ஏலம் விட்ட இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கி, சோழவந்தான் வெற்றிலையை வாடாமல் கொழும்பில் இறக்கிக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு விமானி வேண்டும் என்றார்.

தாவூது தன் நிபந்தனைகளைச் சொன்னான். வானமோ எஞ்சினோ சரியில்லை என்று விமானி சொன்னால் அன்று பறப்பதில்லை. ஏற்றுகிற எந்தச் சிப்பத்தையும் அவன் அவிழ்த்துப் பார்க்கலாம். அவனுக்கு ஏதாவது நேர்ந்தால் ஷரீபாவுக்கு முதலாளி ஈடு தர வேண்டும். கருத்தக்கண்ணன் வெற்றிலையை மென்றபடியே தலையாட்டினார். "எழுதிருவோம் தம்பி. வக்கீல்கிட்டச் சொல்லி எல்லாத்தையும் எழுதிருவோம்."

மறுநாள் தாவூது பெருங்குடிப் பக்கம் இருந்த விமானத் திடலுக்கு சைக்கிளில் போனான். பொட்டல் வெயிலில் விமானம் நின்றிருந்தது. மெக்கானிக் நல்லகாமன் ஏணியில் ஏறி இடது எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதிய ஆள் வருவதைப் பார்த்ததும் இன்னும் வேகமாகத் துடைத்தான்.

"எண்ணெய் ஒழுகுதா?"

"லேசாத்தான் சார். பழைய வண்டியில்ல."

"இதுக்கு முன்னாடி யாரு ஓட்டுனது?"

"அருளப்பன்னு ஒருத்தரு. திண்டுக்கல்காரரு."

"இப்ப எங்க?"

"ஊருக்குப் போயிட்டாரு."

"ஏன்?"

நல்லகாமன் ஏணியிலிருந்து இறங்கி, கந்தையை உதறி, மறுபடியும் ஏறினான். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார்" என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னான்.

தாவூது வீட்டுக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னபோது ஷரீபா நிமிர்ந்து பார்த்தாள். "அருளப்பனா? தெற்குவாசல்ல ரூம் எடுத்துத் தங்கியிருந்தவரா? நமக்கு வெளுக்குற பாண்டியம்மாதான் அவருக்கும் வெளுத்துச்சு. ஏரோப்ளேன்காரர் துணின்னு பெருமையாச் சொல்லும்."

மறுநாள் பாண்டியம்மாள் உருப்படிகளோடு வந்தபோது ஷரீபா அவளை உள்ளே உட்காரவைத்து, மோர் கொடுத்துக் கேட்டாள்.

"அந்தக் கொடுமைய ஏன் கேக்குறீக" என்றாள் பாண்டியம்மாள். "சட்டை, கால்சட்டை எல்லாம் என் வீட்டுலதான் மடிச்சுக் கெடக்கு. வாங்க வரவே இல்ல. ரூமுக்குப் போனா, பொழுது விடியிறதுக்குள்ள கெளம்பிட்டாருங்கிறாக. சொந்தத் துணிய விட்டுட்டுப் போற அளவுக்கு அப்படி என்ன அவசரம்?"

ஷரீபா விடாமல், அவர் குடிப்பாரா என்பதுவரை கேட்டாள்; தாவூதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட, கீழமாசி வீதியில் கருத்தக்கண்ணன் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வெற்றிலைக் கட்டுகளின் ஈர வாசனை. சாட்சிக் கையெழுத்துக்காக நல்லகாமனும் வந்து சுவரோரம் நின்றிருந்தான். தாவூது வரி வரியாக வாசித்தான். அவன் கேட்ட மூன்றும் இருந்தன. ஒரு சொல்கூடக் குறையவில்லை. பேனாவைத் திறந்தான்.

"லைசென்ஸ் கொண்டாந்தியா தம்பி?" என்றார் கருத்தக்கண்ணன். "குடு. என் பெட்டியில வச்சிருவோம். பத்திரமா இருக்கும்."

தாவூது பேனாவை மூடினான். "அது என்கிட்டத்தானே அண்ணே இருக்கணும்."

"எங்கிட்ட இருந்தா என்ன? பறக்குற அன்னிக்கு வாங்கிக்க. எறங்குன ஒடனே குடுத்துரு."

அந்த நொடியில் மூன்று "சரி"களின் அர்த்தமும் தாவூதுக்கு விளங்கிற்று. எஞ்சின் சரியில்லை என்று சொல்ல உரிமை உண்டு. சொன்னால் லைசென்ஸ் பெட்டியை விட்டு வெளியே வராது. லைசென்ஸ் இல்லாத விமானியை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்?

"லைசென்ஸ் விமானிகிட்டயே இருக்கும்னு ஒரு வரி சேத்துருங்க. கையெழுத்துப் போட்டுர்றேன்."

"அது மட்டும் முடியாது" என்றார் கருத்தக்கண்ணன்.

"அருளப்பனோடதும் அந்தப் பெட்டியிலதான் இருக்கா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "அவன் குடிகாரப் பய. காலங்காத்தால குடிச்சுட்டு வந்து நின்னான். பறந்து செத்துத் தொலையக் கூடாதேன்னுதான் வாங்கி வச்சேன். நான் வெளிய சொன்னா அவன் பொழப்பே போயிரும். வேணும்னா இவனைக் கேளு. ஏலே நல்லகாமா, அன்னிக்கு அவன் குடிச்சிருந்தானா இல்லையா?"

நல்லகாமன் தரையைப் பார்த்தான். தாவூதுக்குச் சந்தேகம் வந்தது. உண்மையாகவே குடித்திருந்தால்? முன்பின் பார்த்திராத ஒருவனுக்காக, ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த வேலையைக் கெடுத்துக்கொள்கிறோமா? ஆனால் நேற்று ஷரீபாவும் இதையே பாண்டியம்மாளிடம் கேட்டிருந்தாள். அவள் சொன்ன பதிலை அவன் இப்போது நல்லகாமனைப் பார்த்துச் சொன்னான்.

"அவர் துணிய வெளுத்த பொம்பளை சொல்லுது, எண்ணெய் வாடையத் தவிர வேற வாடை அடிச்சதே இல்லைன்னு. அது வீட்டுலயே ஒருத்தன் குடிக்கிறானாம். சாராய வாடை தனக்குத் தெரியாதாங்குது. நீங்க கூடவே நின்ன ஆளு. நீங்க சொல்லுங்க."

கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள்.

"குடிக்கல சார்" என்றான் நல்லகாமன். "எண்ணெய் நிக்காம ஊத்துச்சு. கடலுக்கு மேல நின்னு போயிரும், எடுக்காதீகன்னு நான்தான் சொன்னேன். அவர் எடுக்க மாட்டேன்னாரு. அதுக்குத்தான் லைசென்ஸைப் பெட்டியில பூட்டிக்கிட்டு, குடிகாரன்னு பேரு கட்டி வெரட்டுனாரு."

கருத்தக்கண்ணன் எழுந்தார். அடிப்பார் என்றுதான் தாவூது நினைத்தான். அவரோ சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, பெட்டியைத் திறந்து அருளப்பனின் லைசென்ஸ் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வீசினார். "தூக்கிட்டுப் போங்க ரெண்டு பேரும். மதுரையில எங்க பொழைக்கிறீங்கன்னு பாக்குறேன்."

மறுநாள் தாவூது திண்டுக்கல் ரயிலேறினான். மாதா கோயில் தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தான். கதவு பாதிதான் திறந்தது. மெலிந்த ஒருவர், முப்பது வயதுக்குள் இருக்கும், கதவைப் பிடித்தபடி நின்றார்.

"அருளப்பனா? நான் மதுரையிலேர்ந்து வாரேன்."

"யார் அனுப்புனது?"

"யாரும் அனுப்பல." தாவூது லைசென்ஸை நீட்டினான்.

அருளப்பன் அதை வாங்கி, தன் புகைப்படத்தைப் பார்த்தார். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகத்தில் மகிழ்ச்சியே வரவில்லை.

"இதை வாங்குறதுக்கு நீங்க எதுல கையெழுத்துப் போட்டீங்க?"

"எதுலயும் போடல."

"சும்மாவா குடுத்தாரு? அவரா?"

தாவூது வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னான். நல்லகாமன் வாய் திறந்ததைச் சொன்னபோதுதான் அருளப்பனின் கை கதவை விட்டது. "பாவம், அவனுக்கு நாலு புள்ளைங்க" என்றார். பிறகு, "அந்த எடது எஞ்சினை மாத்திட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. தொடைச்சுத்தான் வச்சிருக்காங்க."

"அப்ப இன்னொருத்தனைப் பிடிச்சுட்டு வருவாரு. விவரம் தெரியாத எவனாவது சரின்னு லைசென்ஸைத் தூக்கிக் குடுப்பான்."

அவர் கதவை முழுதாகத் திறந்துவிட்டார்.

"உள்ள வாங்க" என்றார் அருளப்பன். "மெட்ராசுல விமான இலாகாவுக்கு எழுதிப் போடுவோம். அந்த விமானத்தை வந்து பாக்கச் சொல்லுவோம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா நம்புவாங்கல்ல?"

தாவூது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.