கார் சிறியது, கம்பு நீளம்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ராஜகுளம் கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அதுவாக வந்து எதிரில் நின்றது. வெள்ளை மாருதி 800. அதன் தலைமேல், காரைவிட நீளமாக, முன்னாலும் பின்னாலும் நீட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் குழாய். ஓட்டிவந்த அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார். கதவைத் திறந்து விளிம்பில் ஏறி நின்று கயிற்றை இறுக்கினார். முன்னிருக்கையில் ஒருவர் வாய்க்குள் சுலோகம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"போர்வெல் வேலையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை. பொண்ணு தாண்டறா" என்றார் அந்த அம்மாள்.

அதற்கப்புறம் ஒரு டீ ஆறும் நேரம் பேசினோம். கதையில் கால்வாசி அங்கே கிடைத்தது. மீதியை இட்டுக்கட்டுகிறேன். எது எந்தப் பங்கு என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது கலந்துவிட்டது. பெயர்களை மாற்றிவிட்டேன். ஆண்டை மாற்றவில்லை, 2001.

முதல் வரிதான் பாடாய்ப் படுத்தியது.

"காஞ்சிபுரத்தில் கோயில்கள் ஆயிரம், கம்பு ஊன்றித் தாண்டும் பெண் ஒரே ஒருத்தி—" வேண்டாம். கோயிலில் ஆரம்பித்தால் வாசகர் செருப்பைக் கழற்றிவிடுகிறார். அப்புறம் அவரை மைதானத்துக்கு அழைத்துவருவது கஷ்டம்.

"வைதேஹிக்கு ஒரு கேரியர் தேவைப்பட்டது." நல்ல வரிதான். ஆனால் நம் ஊரில் கேரியர் என்றதும் சாம்பார் வாசனை வந்துவிடும். இது சாப்பாட்டுக் கேரியர் அல்ல, காரின் கூரைமேல் பூட்டுகிற கேரியர் என்று விளக்கப்போனால் வரி அங்கேயே செத்துவிடும்.

ஆகவே முதல் வரி இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

2

வைதேஹி பெண்கள் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். வீடு சின்ன காஞ்சிபுரத்தில். கார் அவளுடையது, கடன் போட்டுப் பழசாக வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவள்தான். கணவர் கிருஷ்ணஸ்வாமி ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விபத்து மனுக்களைப் பார்ப்பவர். காரில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வருவார்.

ஒரே பெண் ஸிந்துஜா, பதினேழு வயது. கோலூன்றித் தாண்டுகிறவள். மூங்கிலில் தொடங்கினாள். பிறகு, சென்னையில் விளையாட்டை விட்டுவிட்ட, ஏறக்குறைய இவள் எடையே உள்ள ஒரு வீராங்கனை தன் ஃபைபர் கம்பை அவளுக்குக் கொடுத்தாள். பட்டுக்கடைச் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பிய வேன் ஒன்றின் தலையில் அது காஞ்சிபுரம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டரை அடி. வீட்டு நடையில் சுவரோரமாகப் படுத்திருக்கும், வீட்டில் எல்லோரும் அதற்கு வழிவிட்டு நடப்பார்கள்.

இந்தக் கம்புகள் ஆளின் எடைக்குத் தக்கபடி செய்யப்படுபவை. ஒருத்தி கம்பில் இன்னொருத்தி தாண்டுவது ஊரார் செருப்பில் ஓடுவது மாதிரி. செங்கல்பட்டுப் போட்டிக்குப் போனபோது பஸ்ஸில் கம்பை ஏற்றமாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். ஸிந்துஜா வெறுங்கையோடு போய் யாருடைய கம்பையோ வாங்கித் தாண்டி, முதல் உயரத்திலேயே வெளியேறினாள். திரும்பி வந்து அழவில்லை. "அம்மா, நம்ம கார் எத்தனை அடி?" என்று கேட்டாள்.

வைதேஹி நாடாவை எடுத்துப்போய் அளந்தாள். பதினோரு அடி.

"போறும். கேரியர் போட்டுடலாம்" என்றாள்.

ஜனவரியில் சென்னையில் மாநிலப் போட்டி. அதற்குமுன் சனிக்கிழமைதோறும் அங்கே போய்ப் பழகவேண்டும், மெத்தை போட்ட மைதானம் அங்கேதான் இருந்தது. (வாரா வாரம் வேன் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். கட்டுப்படியாகாது. இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.)

3

இங்கே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. வில்லன் இல்லாமல் எனக்குக் கதை நகராது. கைக்கு எட்டிய தூரத்தில் கிருஷ்ணஸ்வாமி இருந்தார்.

"கல்யாணத்துக்கு நிக்கற பொண்ணு, ஊர் பார்க்கக் காலைத் தூக்கிண்டு—" என்று அவர் கத்துவதாக எழுதினேன். அடித்துவிட்டேன். அந்தச் சுலோகம் சொன்ன வாயில் இந்த வசனம் ஒட்டவில்லை. உண்மையில் அவர் ஒருநாளும் 'தாண்டாதே' என்று சொன்னவர் அல்ல. கேரியரைப் பற்றித்தான் ஓயாமல் சொன்னார்.

"கூரை பெயிண்ட் போயிடும்."

"ரப்பர் வெச்சுப் பூட்டுவா."

"துரு பிடிக்கும்."

"பிடிச்சா சுரண்டிப் பெயிண்ட் அடிக்கலாம்."

"இத்தனை நீளம் நீட்டிண்டு போனா போலீஸ் பிடிப்பான்."

"சிவப்புத் துணி கட்டினா பிடிக்கமாட்டான். நான் கேட்டுட்டேன்."

நாளுக்கொரு தடை. கணக்கு டீச்சர் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் போட்டு அழிப்பது மாதிரி அழித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் அவர் வேறு வழியில் வந்தார். "சரி, போடறதுதான் போடறே, திருப்பதி போறதுக்கும் ஆகற மாதிரி சுத்திக் கம்பி வெச்சதாப் போடு. பெட்டி படுக்கை வெக்கலாம்."

வைதேஹி பதில் சொல்லவில்லை. சொல்லாதது ஒப்புக்கொண்டதாக ஆகிவிட்டது.*

* குடும்பம் நடத்தும் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

4

பெரிய காஞ்சிபுரத்தில் ஜியாவுதீன் கடை. கார் சீட் உறை, மிதியடி, கேரியர், எல்லாம் போடுவார். அவர் மகள் அஃப்ஷீன் வைதேஹியிடம் கணக்குப் படித்தவள் என்பதால் அவருக்கு வைதேஹி எப்போதும் டீச்சரம்மாதான்.

"ரெண்டு குறுக்குப் பட்டை மட்டும் போதும். சுத்திக் கம்பி வேண்டாம்" என்றாள் வைதேஹி.

ஜியாவுதீன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார், மறுபடி செருகினார். "இன்னா டீச்சரம்மா இது? நேத்து சாயங்காலம் சார் வந்து சுத்திக் கம்பி வெச்ச கட்டில் மாடல்தான் வேணும்னு சொல்லிக்கினு போனாரு. நீங்க பட்டைன்றீங்க. ரெண்டு பேர் சொல்றதும் சரி, ஆனா காரு ஒண்ணுதானே இருக்குது?"

வைதேஹிக்குச் சுருக்கென்றது. தன்னிடம் சொல்லாமல் வந்திருக்கிறார்.

"கார் என்னோடது, பாய்."

"அது தெரியும்மா. ஆனா பட்டையில ஒரு கஷ்டம் இருக்குது. கூரை இத்தனூண்டு. ரெண்டு பட்டையும் பக்கத்துப் பக்கத்துல வரும். நீட்டுக் கம்பு முன்னாடி பின்னாடி ஆடிக்கினே போவும். கட்டில்னா நீளமா இருக்குது, புடிச்சிக்கும்."

அது நியாயமான பேச்சு. எந்தக் கேரியர் என்பதில் அவளுக்கே அந்த நிமிஷம் சந்தேகம் வந்தது. கட்டில் கம்பைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் இரும்புமேல் உரசும். பட்டையில் உரசல் குறைவு, ஆட்டம் அதிகம்.

"ஒரு நாளைக்குக் கட்டிலை மாட்டிக் குடுங்கோ. ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"எடுத்துக்கினு போங்க. புடிக்கலேன்னா மாத்திக்கலாம்."

5

மறுநாள் காலை கட்டில் கேரியரில் ஒரு மூங்கிலைக் கட்டினாள். ஃபைபர் கம்பைச் சோதனைக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. கிருஷ்ணஸ்வாமியையும் ஏற்றிக்கொண்டு வாலாஜாபாத் வழியாகத் திருமுக்கூடல்வரை ஓட்டினாள். ஒவ்வொரு வேகத்தடையிலும் மூங்கில் நுனி கண்ணாடிக்கு மேலே தலையாட்டியது. ஒவ்வொரு தலையாட்டலுக்கும் அவர் இல்லாத பிரேக்கை அழுத்தினார்.

மூன்று ஆறுகள் சேருகிற இடம். தண்ணீர் ஒரு கோடாக ஓடியது, மற்றதெல்லாம் மணல். (இந்த இடத்தில் ஆற்றை வருணித்து அரைப்பக்கம் எழுதியிருந்தேன். அவர்கள் இருவரும் ஆற்றைப் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் கிழித்துவிட்டேன்.)

வைதேஹி மூங்கிலை அவிழ்த்து இறக்கினாள். இரும்பு பட்ட இரண்டு இடங்களிலும் மேல்தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"பாருங்கோ. இது மூங்கில், சிராய்ச்சா சிராய்ச்சுட்டுப் போறது. அது ஃபைபர். நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் போறும். அவ வளைச்சு மேல போறச்சே அந்தக் கீறல்லதான் உடையும்."

கிருஷ்ணஸ்வாமி சிராய்ப்பைத் தடவிப் பார்த்தார். விரலை எடுக்கவே இல்லை.

"அதுக்குத்தான் சொல்றேன், வேண்டாம்னு."

"எது வேண்டாம்? கட்டிலா, பட்டையா?"

"எதுவுமே வேண்டாம்." என்றார். "அன்னிக்கு மூங்கில் உடைஞ்சதை நீ பார்க்கலை, ஸ்கூல்ல இருந்தே. நான் பார்த்தேன். மேலேருந்து வரா. நான் கையில ஃபிளாஸ்கை வெச்சுண்டு நிக்கறேன். அதைக் கீழ போட்டுட்டு ஓடணும்னுகூடத் தோணலை எனக்கு. தினம் ஆபீஸ்ல எத்தனை மனு பார்க்கறேன், வைதேஹி. எல்லாத்துலயும் முதல் வரி ஒண்ணுதான். 'எதிர்பாராத விதமாக.'"

பெயிண்ட், துரு, போலீஸ், திருப்பதி, எல்லாம் எங்கிருந்து வந்தன என்று வைதேஹிக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் இவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்திருந்தாள். அவர் தோளில் கை வைக்கவேண்டும் போலிருந்தது. வைத்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

"வேண்டாம்னா அதை அவகிட்ட சொல்லுங்கோ. கார்கிட்ட சொல்லாதீங்கோ."

6

அவர் மகளிடம் சொல்லப்போன காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அவர் அழுதார். அவர் அழமாட்டார். இன்னொன்றில் ஸிந்துஜா லட்சியம், பெண்கள், நாடு என்றெல்லாம் பேசினாள். பதினேழு வயசுப் பெண் அப்பாவிடம் அப்படிப் பேசினால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மூன்றாவதை வைத்துக்கொண்டேன்.

ஸிந்துஜா நடையில் உட்கார்ந்து கம்பின் பிடியில் புது டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். வைதேஹி சமையலறையில் காபி ஆற்றுவதுபோல நின்றாள், காது மட்டும் நடையில் இருந்தது.

"ஸிந்து."

"ம்?"

"இது உடையாதா?"

"உடையலாம்பா. கீறல் விழாம பாத்துண்டா உடையாது."

ஸிந்துஜா டேப்பைப் பல்லால் கிழித்து ஒட்டினாள்.

"அப்பா, நீ ஒரே ஒரு நாள்தான் வந்தே. அன்னிக்குப் பார்த்து விழுந்தேன். நான் தாண்டி நீ பார்த்ததே இல்லை."

அவர் எழுந்து போய்விட்டார். சொல்லவந்ததைச் சொல்லவில்லை. வைதேஹி காபியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் செருப்பும் இல்லை, சைக்கிளும் இல்லை.

மத்தியானம் ஒரு தள்ளுவண்டி வாசலில் நின்றது. அதன்மேல் நீளமான பிளாஸ்டிக் குழாய். கூடவே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க கிருஷ்ணஸ்வாமி.

"கம்பு இதுக்குள்ள போகட்டும். பட்டைமேல குழாயைக் கட்டு. எதுவும் அதுமேல படாது, ஆட்டமும் குறையும்" என்றார், யாரையும் பார்க்காமல். "பாய்கிட்டயும் சொல்லிட்டேன், டீச்சர் கேட்ட பட்டையையே போடுங்கோன்னு."

(இந்த யோசனை நிஜத்தில் யாருடையது என்று ராஜகுளத்தில் நான் கேட்கவில்லை. அவருக்குக் கொடுத்தேன். பயந்தவனுக்குத்தான் பாதுகாப்பாகக் கட்டத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.)

வைதேஹி குழாயின் வாயில் விரலை ஓட்டினாள். மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் சொன்னாள்: "விளிம்பு கூரா இருக்கு. அரத்தால ராவிண்டு வாங்கோ."

அவர் முனகிக்கொண்டே திரும்பவும் போனார்.

7

ஜியாவுதீன் பட்டைகளைப் பூட்டினார். "இன்னும் தள்ளி" என்றாள் வைதேஹி. முன் பட்டை முன்கண்ணாடியை ஒட்டிப் போயிற்று. "அங்க விளிம்பு வளையுதும்மா, பூட்டு நிக்காது" என்றார் அவர். "நிக்கற மாதிரி பண்ணுங்கோ, பாய். நான் உட்கார்ந்திருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். பூட்டின் தாடையைப் பட்டறையில் நெருப்பில் காட்டி வளைத்துக்கொண்டுவந்து பூட்டியதும் நின்றது. இருவருமாகப் பட்டையைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார்கள். கார்தான் ஆடியது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள். அவற்றை எழுதினால் எல்லாம் ஒரே சனிக்கிழமையாக இருக்கும். கிருஷ்ணஸ்வாமி எல்லாச் சனிக்கிழமையும் கூடப் போனார், கயிற்றைச் சரிபார்க்க. மைதானத்துக்குள் மட்டும் வரமாட்டார், காருக்குக் காவலாக நின்றுவிடுவார்.

போட்டி நாளன்று வைதேஹி காரைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "காரை யாரும் தூக்கிண்டு போகமாட்டா. வாங்கோ" என்றாள். வந்தார்.

8

முடிவு.

தாண்டிவிட்டாள் என்று ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், கைதட்டலோடு. தாண்டவில்லை, ஆனால் அப்பா "அடுத்த வருஷம்" என்று சொன்னார் என்று இன்னொன்று. இரண்டும் படிக்க நன்றாகவே இருக்கின்றன. அதனாலேயே இரண்டின்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. நடந்தவரை சொல்கிறேன்.

ஓர் உயரத்துக்கு மூன்று வாய்ப்பு. ஸிந்துஜா இதுவரை தாண்டியிராத உயரம் அது. முதல் முறை அவள் ஓடத் தொடங்கியதும் கிருஷ்ணஸ்வாமி கண்ணை மூடிக்கொண்டார். டக்கென்று ஒரு சத்தம்: அவள் கைவிட்ட கம்பு தரையில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: மேலே ஆடி ஆடி நின்ற குறுக்குக் கம்பும் விழுந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூடிய கண், இரண்டு சத்தம்.

"ரெண்டு சத்தம் கேட்டா போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார்.

"ஆமாம்."

"ஒண்ணு கேட்டா?"

"ஒண்ணோட நின்னா தாண்டிட்டா."

மூன்றாவது முறை ஸிந்துஜா கம்பைத் தூக்கிக்கொண்டு கோட்டில் நின்றாள். தொலைந்த மாட்டைத் தேடுகிறவள் மாதிரி நெற்றியைச் சுருக்கித் தூரத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். வைதேஹி பெண்ணைப் பார்க்கவில்லை. பக்கத்தில் திரும்பிக் கணவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. அவர் முகம் மெல்ல மெல்ல மேலே உயர்ந்துகொண்டே போயிற்று, கழுத்து நரம்பு தெரிகிற அளவுக்கு. வைதேஹி அப்படியே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது அதில் இருந்தது.

ஒரு சத்தம் கேட்டது.

நான் பேனாவை மூடிவிட்டேன். நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள்.