உதடு குவியும் சொல்

தூபா முதலில் நாற்காலிகளைத் திருப்பினாள். தலைமையாசிரியர் அறையில் அவை ஜன்னலுக்கு முதுகு காட்டிக் கிடந்தன. வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு உதடுகள் தெரியாது. பிறந்ததிலிருந்து காது கேட்காதவள், ஆசிரியர்களின் வாயைப் பார்த்தே பத்தாம் வகுப்பு வரை வந்திருந்தாள். தலைமையாசிரியர் கோதண்டபாணி சார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

“வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது மிஸ்” என்றார் என்னிடம்.

நான் சிரித்து வைத்தேன். அவள் கைகாட்டும் வரை யாரும் பேசக்கூடாது என்பது தூபா போட்ட சட்டம்.

நான் இந்த வட்டாரத்தின் சிறப்பு ஆசிரியர். இதற்கு முன் நடந்த கூட்டங்களில் நாங்கள் தூபாவைப் பற்றிப் பேசுவோம், அவள் ஓரத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்ப்பாள். இந்த முறை அவளே நடத்தட்டும் என்று நான் சொன்னபோது சாருக்குச் சிரிப்பு வந்தது. தூபாவுக்கு வரவில்லை. காலி வகுப்பறையில் ஒத்திகை பார்த்தோம். நான் சாராக நடித்துக் கேள்வி கேட்பேன், அவள் கைகளால் பதில் சொல்வாள். சாரின் மீசை மேலுதட்டை மறைக்கிறது, கூட்டத்துக்கு முன்னால் வெட்டச் சொல்லுங்கள் என்று விரல்களால் கத்தரித்துக் காட்டினாள். அதைச் சாரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு சரி. அடுத்து எங்கே என்பதுதான் இன்றைய பேச்சு. இங்கே முடிவாவதைத்தான் சார் பரிந்துரையாக எழுதி அனுப்புவார். தூபாவுக்கு வேலூரில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் சேர வேண்டும், விடுதியில் தங்கி. ஒருமுறை அவளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். சாப்பாட்டு வரிசையில் இரண்டு பெண்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைகளால் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தூபா அதைப் பார்த்தபடியே நின்றாள். ஆம்பூருக்குத் திரும்பும் ரயிலில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கையால் சொன்னாள்: வேணும்.

அவள் அம்மா அஃப்ஸர் ஜஹான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறார். பர்மிஷன் போட்டு வந்திருந்தார். மகளின் கைகளை அவரைப் போல வேகமாகப் படிக்க யாராலும் முடியாது. வீட்டில் அவர்கள் இருவரும் உண்டாக்கிக்கொண்ட சைகைகளில் பாதி எனக்கே புரியாது. அதனால், தான் சொல்வதை அம்மாவே தமிழில் சொல்லட்டும் என்று தூபா முடிவு செய்திருந்தாள்.

முதலில் எல்லாம் ஒழுங்காகப் போனது.

“போர்டு பக்கம் திரும்பிக்கினு பேசுனா இன்னா சொல்றாங்கன்னே புரியலன்றா சார். சயின்ஸ் மிஸ் நம்ம பக்கம் பாத்துப் பேசுவாங்களாம், அது புடிக்குமாம்.”

“கரெக்டாத்தான் சொல்றா” என்றார் சார்.

பிறகு தூபா வேலூரைச் சொன்னாள். விடுதியைச் சொன்னாள். உள்ளங்கையை நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். அம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சார் பக்கம் திரும்பினார்.

“வேலூரு வேணாம்ன்றா சார். இங்கியே கேர்ள்ஸ் ஸ்கூல்ல சேந்துக்கிறாளாம்.”

சார் பேனாவைத் திறந்தார். எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தூபா கைகாட்டவில்லை.

வீட்டில் அம்மா பேசுவது உருது. தன் வாயில் வரும் தமிழ் மகளுக்குப் பிடிபடாது என்று நினைத்திருக்கலாம். ஆனால் பேச்சில் கடைசி ம் மூக்கோடு போய்விடும்; வேணும் என்றால் உதடு குவிந்து முடியும். வேணாம் என்றால் வாய் திறந்தபடி நிற்கும். இத்தனை வருடம் தமிழ் வாய்களைப் பார்த்தவளுக்கு அது போதும். வெயில் வேறு அம்மாவின் முகத்தில் முழுதாக விழுந்திருந்தது.

தூபா மேஜையைத் தட்டினாள். அம்மாவின் வாயைச் சுட்டி, தன் வாயைத் திறந்து காட்டி, தலையை ஆட்டி மறுத்தாள். பிறகு உதட்டைக் குவித்தாள். வகுப்பில் பிள்ளைகள் கேட்டுச் சிரித்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே அவள் குரலை எடுத்ததே இல்லை. இப்போது எடுத்தாள். முதல் எழுத்து உடைந்து காற்றாகப் போனது. “...ணூ” என்பது மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

“வேணுமா, வேணாமா? இன்னாம்மா இது?” என்றார் சார்.

தூபா என்னைக் காட்டினாள். பிறகு அவள் கைகள் மெதுவாக, எனக்குப் புரியும்படி அசைந்தன. நான் அம்மாவிடம் சொன்னேன்.

“உங்களைப் பேசச் சொல்றாம்மா. அவ பேச்சை இல்லியாம். உங்க பேச்சை.”

“நான் இன்னா மிஸ் பேசறது?” அவர் குரல் இறங்கியிருந்தது. “கரண்டு போனா இவளுக்குக் கையும் தெரியாது, வாயும் தெரியாது. நான் இவ உள்ளங்கையில விரலால எழுதுவேன். அங்க யாரு எழுதுவாங்க?”

அதை நான் சைகையில் சொன்னேன். எழுதுவேன் என்ற இடத்தில் தடுமாறினேன். தூபா தலையசைத்தாள், புரிந்தது என்று. பிறகு எழுந்து அம்மாவை வெளியே கூப்பிட்டாள். கூட்டம் முடியவில்லை, சார் இருக்கட்டும் என்று எனக்குக் காட்டிவிட்டுப் போனாள்.

சார் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. ஜன்னல் வழியாக மைதானம் தெரிந்தது. கொடிக்கம்பத்தருகே தூபா விறுவிறுவென்று கைகளால் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் சொல்லப்போன அம்மாவின் கைகளில் புர்காவின் நீளக் கைத்துணி வந்து வந்து விழுந்தது. அவர் தோள்பையைக் கழற்றி மண்ணில் வைத்தார். இரண்டு கைகளையும் முழங்கை வரை சுருட்டி ஏற்றிக்கொண்டார். பிறகு மகளுக்கு நேராக நின்று கைகளால் பேச ஆரம்பித்தார். இவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.