உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள்

மின்னல் டாக்டர் என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நிதான டாக்டர் என்றாலும் தெரியும். ஒரே கிளினிக், எதிரெதிர் அறைகள். இருவரும் கணவன் மனைவி என்பதைத்தான் புதிதாக வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள்.

அவள் "அடுத்தவங்க" என்று கூப்பிட்டால், அந்த அடுத்தவர் நான்கே நிமிடத்தில் மருந்துச்சீட்டோடு வெளியே வந்துவிடுவார். அவன் அறைக்குள் ஒருவர் போனால், வெளியே காத்திருப்பவர் செய்தித்தாளை விளம்பரம் உட்படப் படித்து முடித்துவிடலாம். என்ன சாப்பிடுகிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள், மருமகளோடு சண்டையா என்று ஆதியோடந்தமாகக் கேட்பான். கடைசியில், "உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உப்பைக் குறைங்க, நல்லா நடங்க. இனி வர வேண்டாம்" என்று அனுப்பிவிடுவான். அவர்களும் சொன்ன சொல் தட்டாமல் வரவே மாட்டார்கள்.

ஆள் வந்து போகும் ஒவ்வொரு தடவைக்கும் அரசாங்கம் பணம் கொடுத்த காலம் அது. மாதக் கடைசியில் அவளுக்கு வருவதில் பாதிதான் அவனுக்கு வரும். அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார், அதாவது அவனுடைய அக்கா, டவுன் பஸ் கண்டக்டர். வாய் சும்மா இருக்காது. "டேய், நீ வைத்தியம் பார்க்கிறியா, வர்றவங்களை விரட்டுறியா?" என்பாள்.

இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது; முறை மாறியது. இனி ஒவ்வொருவரும் ஒரு டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். அவர் வந்தாலும் வராவிட்டாலும், தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் டாக்டருக்கு வரும்.

"ஏங்க, இது உங்களுக்குன்னே போட்ட சட்டம்!" என்று குதித்தாள் அவள். "சனங்களை நல்லா வெச்சுக்கிறவருக்குத்தான் இனி லாபம்."

சுற்றறிக்கையின் இரண்டாம் பக்கத்தை அவள் அப்போது பார்த்திருக்கவில்லை. எதையும் இரண்டாம் பக்கம் வரை படிக்கிற பொறுமை மின்னலுக்கு ஏது?

இரண்டாம் பக்கத்தில் இருந்தது இதுதான். நாட்டில் டாக்டர்கள் போதவில்லை. பல ஊர்களில் ஒருவர்கூட இல்லை. ஆகவே, இரண்டு டாக்டர்கள் இருக்கும் கிளினிக்கில் எவருடைய பட்டியல் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஆயிரத்தைத் தொடவில்லையோ, அவருடைய பணியிடம் டாக்டரே இல்லாத ஊருக்கு மாற்றப்படும். ஒருவர் பட்டியலில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் கூடாது. டாக்டர்களும் கிளினிக் ஊழியர்களும் ஆள் பிடிக்கக் கூடாது.

அவளுடைய பட்டியல் மூன்றே வாரத்தில் நிரம்பிவிட்டது. அவனுடையது கடைசி வாரச் செவ்வாய்க்கிழமை வரை எழுநூற்று அறுபதில் முக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் இல்லாத ஊர்களில் மிகப் பக்கத்தில் இருப்பதே ரயிலில் பதினோரு மணி நேரம். கல்யாணமான முதல் நான்கு வருடம் அவன் இந்த ஊரில், அவள் நாட்டின் இன்னொரு மூலையில். போனில் குடித்தனம் நடத்தி அலுத்து, ஒரே கூரைக்குக் கீழே வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. மறுபடியுமா?

"என் பட்டியல்ல சேர்ந்த பாதிப் பேர் உங்ககிட்ட வந்தா என்னவாம்?" என்றாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"அவங்க இஷ்டம். கேட்டு வாங்குற பதிவு எனக்கு வேண்டாம்மா."

"போகணும்னு ஆசையா இருக்கா?"

"இல்ல," என்றான் அவன், தட்டைப் பார்த்தபடி. "ஆனா அங்கேயும் மனுஷங்கதானே இருக்காங்க? யாராவது போகத்தானே வேணும்."

அந்த நியாயம் அவளுக்கும் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் கோபம் இரண்டு மடங்கானது.

புதன்கிழமை மதியம், பொத்தான் அறுந்த தன் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டு எதிர்த்தெரு தையல்காரரிடம் போனாள். அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "டாக்டரய்யா எப்படி இருக்கார்? தங்கமான மனுஷன். மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னார், அதே மாதிரி இன்னிக்கு வரைக்கும் நடக்கிறேன். தலைவலி போன இடம் தெரியல" என்றார்.

ஆள் பிடிக்கக் கூடாது என்பதை நாக்கின் நுனியில் கட்டிவைத்துக்கொண்டு, "யார்கிட்ட பதிஞ்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நானா? நான் எதுக்கும்மா பதியணும்?" தையல்காரர் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லைன்னு அவரே சொல்லிட்டாரே! ஆயிரத்து ஐநூறு பேருக்குத்தான் இடமாம். அதுல ஒரு நோயாளியோட இடத்தை நான் அடைச்சுக்கிட்டா அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்? எங்க தெருவுல யாருமே பதியல. எல்லாரும் அவர் பார்த்துக் குணமானவங்க."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆறு வருட வைத்தியத்தால் ஒருவன் தன் பட்டியலைத் தானே காலி செய்திருக்கிறான்!

சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னபோது அவன் முகம் மாறியது. ஆனால் ஊர் மாற்றத்தை நினைத்து அல்ல. "பதியாம விட்டா, நாளைக்கு ஒரு காய்ச்சல் வந்தா அவங்களை யார் பார்ப்பாங்க? எந்தப் பட்டியல்லயும் பேர் இருக்காதே! இதை யாராவது அவங்ககிட்ட சொல்லணும்."

"நீங்க சொல்லக் கூடாது. நானும் கூடாது. நம்ம கிளினிக் நர்சம்மாவும் கூடாது," என்றாள் அவள்.

"நான் என்ன டாக்டரா, நர்ஸா?" என்றாள் நாத்தனார், டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே.

"அக்கா, என்கிட்ட வரச் சொல்லி மட்டும் கேக்கக் கூடாது."

"போடா, உன் பேரை யார் எடுக்கப் போறா?"

வியாழக்கிழமை காலையிலிருந்து நாத்தனாரின் பஸ்ஸில் நடந்ததை ஊரே கதையாகச் சொல்லியது. கிளினிக் ஸ்டாப் நெருங்கியதும் விசிலை ஊதி, "உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்கல்லாம் கையைத் தூக்குங்க!" என்று கத்தினாளாம். விஷயம் தெரியாமல் பஸ் முழுக்கக் கை தூக்கியது. "இறங்குங்க எல்லாரும்! நல்லா இருக்கறப்பவே பேரைப் பதிஞ்சு வையுங்க. படுத்தப்புறம் பதிய முடியாது. எந்த டாக்டர்கிட்ட வேணா பதியுங்க, அது உங்க பாடு. இறங்குங்க, இறங்குங்க!"

டிரைவரும் கை தூக்கியிருந்தார். அவரை மட்டும் இறங்க விடவில்லை.

எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் என்றாலும், இடம் மிச்சம் இருந்தது ஒருவரிடம்தான்; அவர்கள் தேடி வந்ததும் அவரைத்தான். வெள்ளிக்கிழமை மதியம் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. மல்லுக்கட்டாத குறையாக நர்சம்மா படிவங்களை எழுதினாள். ஒவ்வொன்றிலும் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கேதான் வினை.

"நல்லா இருக்கீங்களா? முட்டி எப்படி இருக்கு? பையன் வேலைக்குப் போறானா?"

"ஏங்க," என்று அவள் அவன் காதோரம் பல்லைக் கடித்தாள். "கையெழுத்தைப் போடுங்க. பேச்சை அப்புறம் பேசலாம்."

"பேசாம எப்படி?"

நாலேகாலுக்கு இன்னும் நாற்பத்தொரு பேர் தேவை. அப்போது பெயிண்டர் ஒருவர் படிவத்தை நீட்டினார். அவன் படிவத்தைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தான். "நகமெல்லாம் இப்படி வெளுத்திருக்கே? மாடி ஏறினா மூச்சு வாங்குதா?"

"கொஞ்சம் வாங்குது டாக்டர். வயசாகுதில்ல?"

"வயசு முப்பத்தெட்டு." அவன் பேனாவை மூடி வைத்தான்.

மூடியது பேனாவை அல்ல, தன் குடும்பத்தையே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. வரிசை சலசலத்தது. கடிகாரம் நாலரையைத் தொடப் பார்த்தது. ஆனால் அவளும் டாக்டர்தான். அந்த நகத்தைப் பார்த்த பிறகு அவளால் பார்க்காதது போல் இருக்க முடியவில்லை. இந்தக் கண்ணுக்காகத்தானே இத்தனை பேரும் வெயிலில் நிற்கிறார்கள்?

"இவரை என் ரூமுக்கு அனுப்புங்க. நான் பார்த்துக்கறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க," என்றாள்.

"நிதானமா கேளு," என்றான் அவன், மறுபடி பேனாவைத் திறந்து.

கேட்டாள். எப்போதிலிருந்து, எப்படி, என்ன சாப்பிடுகிறார், வயிற்றுவலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆறு மாதமாக முதுகுவலிக்கு வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கிய கதை அப்போதுதான் வந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, வயிற்றில் ரத்தம் கசிகிறதோ என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் கொடுத்து அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்தபோது மணி ஐந்து பத்து.

நடைக்கூடம் காலியாக இருந்தது. படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவளிடம் ஓடினாள். "நர்சம்மா... எத்தனை?"

"ஆயிரத்துப் பதிமூணு. அஞ்சு மணிக்கே கணக்கு அனுப்பியாச்சு. பெயிண்டரோட சேர்த்துத்தான்." நர்சம்மா வலித்த கையை உதறினாள். "கடைசி அரை மணி நேரம் டாக்டர் வாயையே திறக்கல. நான் பயந்தே போயிட்டேன்."

அவள் நேரே எதிர் அறைக்குப் போனாள். மேசையில் தலை சாய்த்திருந்தவன் நிமிர்ந்தான். அவள் தன் பெயரை எழுதி ஒரு படிவத்தை அவன் முன்னால் வைத்தாள். டாக்டர்களும் யாரிடமாவது பதியத்தான் வேண்டும். தன்னிடமே பதிய முடியாது. அவசரத்தில் அவள் அதை விட்டிருந்தாள்.

அவன் மேலிருந்து கீழ் வரை படித்தான். "உங்களுக்கு என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல."

"காலையிலிருந்து எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. உட்காருங்க."

அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஏனோ கண் கலங்கியது. வாசலில் விசில் சத்தம் கேட்டது. "ஏய், வீட்டுக்கு வர்றீங்களா? இன்னிக்கு எனக்குக் கடைசி டிரிப்பு!" என்றாள் நாத்தனார்.

"நீங்க போங்க அண்ணி, எங்களுக்கு நேரமாகும்," என்று குரல் கொடுத்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள். "ஒரு வாரமா தூக்கமே இல்லைங்க."

"சரி," என்றான் அவன், நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு. "முதல்லேருந்து சொல்லு."