குவேக்கர் கூட்டத்தில் வள்ளி பேசியது

மகளுக்குப் பிரசவம் இன்னும் இருபது நாளில் என்று தாராபுரத்திலிருந்து போன் வந்ததும் வள்ளி மூன்றாவது தடவையாகத் தன் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா விசாலாக்ஷியும் மூன்றாவது தடவையாக, "பீரோல பத்திரமா இருக்கு வள்ளி, கவலையே படாதே," என்றாள். வள்ளியின் கவலை பத்திரத்தைப் பற்றியா என்ன! அது அந்த அம்மாவுக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டர் மாதிரி ஊரில் வீட்டோடு இருந்து சமைக்க ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விசாலாக்ஷியின் மகள், ஏழாவது படிக்கும் தீக்ஷாவின் ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காகக் குவேக்கர்கள் கூடும் இடத்துக்குக் கிளம்பினார்கள். வெறுங்கையோடு போகலாமா? ஒரு பெரிய டப்பா கேசரி. டப்பாவைப் பிடித்துக்கொள்ள வள்ளி.

"இவங்க ஒரு மாதிரி கிறிஸ்டியன்ஸ்," என்று விசாலாக்ஷி கார் ஓட்டிக்கொண்டே விளக்கினாள். "பாதிரியே கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பாங்க. யாருக்கு மனசுல தோணுதோ அவங்க எழுந்து பேசலாம். ஒரு காலத்துல இவங்களே அடிமை வெச்சிருந்தவங்கதான். அப்புறம் இவங்கள்லயே சில பேர் வீடு வீடா போய் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டே விட வெச்சாங்க. எவ்ளோ பெரிய மனசு பாரு!"

அப்படிப் போன வீடுகளில், 'அவள் எங்க வீட்டு மனுஷி மாதிரி' என்று எஜமானர்கள் சொன்னார்களாம். இதைத் தீக்ஷா பின்சீட்டிலிருந்து இங்கிலீஷில் சேர்த்தாள். விசாலாக்ஷி அதை மட்டும் தமிழில் சொல்லவில்லை.

உள்ளே மரப் பெஞ்சுகள். இருபது பேர், பாதிக்கு மேல் நரைத்த தலை. யாரும் வாய் திறக்கவில்லை. பத்து நிமிஷத்தில் விசாலாக்ஷிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வள்ளிக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இந்த ஊருக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் இவ்வளவு நேரம் அவளை யாரும் உட்கார விட்டதில்லை. உட்கார்ந்தால் மனசில் ஏதாவது தோன்றத்தானே செய்யும்? தோன்றியது. டப்பாவோடு எழுந்தாள்.

"எம் பொண்ணுக்கு இருவது நாள்ல பிரசவமுங்க. நான் போகோணும். என் பாஸ்போர்ட்டு அம்மா பீரோவுல இருக்குது. மூணு தடவ கேட்டுட்டனுங்க. அவ்வளவுதானுங்க."

உட்கார்ந்துவிட்டாள். அங்கே யாருக்குத் தமிழ் தெரியும்? ஏதோ பிரார்த்தனை போல என்று எல்லோரும் நினைக்கட்டும் என விசாலாக்ஷி கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

அப்போது தீக்ஷா எழுந்தாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்லாத பெண். வள்ளி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

யாராவது திட்டியிருந்தால் விசாலாக்ஷி பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். பாவிகள், ஒருவரும் திட்டவில்லை. இன்னும் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, கைகுலுக்கி, கேசரி சாப்பிட்டார்கள். ஒரு வயதான அம்மாள் மட்டும், நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாள். "ஷ்யூர், ஷ்யூர்," என்றாள் விசாலாக்ஷி. வேறென்ன சொல்ல முடியும்!

மறுநாள் அவளும் ஒரு தாத்தாவும் வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். வள்ளி காபி கொடுத்தாள். குடித்தார்கள். பேசவில்லை. விசாலாக்ஷிதான் பேசினாள். வள்ளிக்குத் தனி ரூம், தனி டிவி, நாங்கள் சாப்பிடுவதைத்தான் அவளும் சாப்பிடுகிறாள், எங்க வீட்டு மனுஷி மாதிரி. இதைச் சொன்னதும் அவளுக்கே எங்கோ கேட்டது போலிருந்தது. நாற்பது நிமிஷம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் மாடிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள்.

"உன்னை என் பொண்ணு மாதிரிதானே வெச்சிருந்தேன், வள்ளி? தீக்ஷா பாஸ்போர்ட்டும் அதே பீரோலதானே இருக்கு?" நிஜமாகவே அழுதாள்.

வள்ளிக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

"தீக்ஷா பாப்பா ஒருக்கா கேட்டாப் போதுமுங்கம்மா, குடுத்துருவீங்க," என்றாள்.